ஆறுதல் செய்யும் ஊழியம்

வேதபாடம்
வாசிக்க: 2 கொரிந்தியர் 1:3-11, யோபு 2:11-13, யோவான் 11:17-36

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களே,

நம் மருத்துவமனைக்கு வருகிற சபையார் பலர், வார்டுக்குள் நுழையுமுன் என் அறை வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பதுண்டு: "ஐயா, உள்ளே போய் என்ன பேசுவது?" வேறு சிலர், "என்ன சொல்லுவது என்று தெரியாததினாலே போகாமலே இருந்துவிட்டேன், ஐயா" என்று வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள். இது நல்ல மனதிலிருந்து வருகிற கேள்வி. ஆனால் இதற்குச் சரியான பதில் கிடைக்காமற்போனால் இரண்டு தீங்குகள் உண்டாகும். ஒன்று, பயத்தினாலே நாம் துயரப்படுகிறவர்களைத் தனியே விட்டுவிடுவோம். மற்றொன்று, ஏதாவது பேசியே ஆகவேண்டும் என்று பேசி, ஏற்கனவே காயப்பட்டிருக்கிறவரை இன்னும் காயப்படுத்திவிடுவோம். இரண்டையும் நான் படுக்கையருகே பார்த்து வருகிறேன். ஆகவே இந்த இதழில், ஆறுதலைக் குறித்து வேதாகமம் நமக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதைப் பொறுமையாகப் படிப்போம்.

1. ஆறுதல் என்னும் சொல்

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை ஆறுதலோடு தொடங்குகிறார். முதலாம் அதிகாரம் 3 முதல் 7 வரையுள்ள ஐந்து வசனங்களில் மாத்திரம், மூல பாஷையாகிய கிரேக்கில், ஆறுதலைக் குறிக்கும் சொல் பெயராகவும் வினையாகவும் பத்து முறை வருகிறது. அந்தச் சொல் இரண்டு பகுதிகளால் ஆனது. "பாரா" என்றால் அருகில். "கலேயோ" என்றால் அழைப்பது. ஆகவே அதின் வேர்ப்பொருள், ஒருவரைத் தன் பக்கத்தில் வரும்படி அழைப்பது என்பதாகும். யோவான் சுவிசேஷத்தில் பரிசுத்த ஆவியானவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததே. அதை நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் தேற்றரவாளன் என்று மொழிபெயர்த்திருக்கிறது.

நம்முடைய தாய்மொழியும் இங்கே நமக்கு உதவி செய்கிறது. கொதித்த பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, பசியாறினோம், இளைப்பாறினோம் என்றெல்லாம் சொல்லுகிறோம். இவற்றில் எதையும் அவசரப்படுத்த முடியாது என்பதைக் கவனியுங்கள். புண்ணை ஆறு என்று அதட்டினால் அது ஆறாது. அதைச் சுத்தம் செய்து, மருந்திட்டு, ஈ மொய்க்காமல் கட்டி வைத்தால் அது தன் காலத்தில் ஆறும். தேற்றுதல் என்ற சொல்லும் அப்படித்தான். கலங்கிய கிணற்று நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசி வைப்பார்கள் என்பது கிராமத்தில் வளர்ந்த உங்களில் பலருக்குத் தெரியும். அது தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதில்லை. சும்மா வைத்திருக்கும்போதே சேறு அடியில் படிந்து நீர் தெளிகிறது. கலங்கிய மனதைத் தேற்றுவதும் அந்த விதமான வேலையே.

2. ஆறுதல் எவ்வழியாய் வருகிறது?

எல்லா ஆறுதலுக்கும் ஊற்று தேவனே என்று பவுல் அறிக்கையிடுகிறார். இதை அவர் சுகமான நாட்களில் எழுதவில்லை. அதே அதிகாரம் 8, 9 வசனங்களைப் பாருங்கள். ஆசியா நாட்டில் தனக்கு நேரிட்ட உபத்திரவம் தன் பலத்துக்கு மிஞ்சியதாயிருந்தது என்றும், உயிர் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்றும் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். அப்போஸ்தலனே அவ்வளவு சோர்ந்துபோனார் என்றால், நம் வார்டில் படுத்திருக்கும் ஒரு விசுவாசி சோர்ந்துபோவதைப் பார்த்து நாம் ஆச்சரியப்படவோ, அவரைக் குறைசொல்லவோ கூடாது.

அப்படியானால் தேவன் அவரை எப்படித் தேற்றினார்? இதற்குப் பதில் அதே நிருபத்தில் ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. பவுல் துரோவாவுக்கு வந்தார். அங்கே தீத்துவைக் காணாததினால் மனதில் அமைதியின்றி மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டார். அங்கேயும் வெளியே போராட்டம், உள்ளே பயம். அந்த நிலையில் தீத்து வந்து சேர்ந்தார். தீத்து வந்ததினாலே தேவன் தன்னைத் தேற்றினார் என்று பவுல் எழுதுகிறார். தரிசனமோ, வானத்திலிருந்து சத்தமோ இந்த இடத்தில் சொல்லப்படவில்லை. வெகுதூரம் பிரயாணம் செய்து வந்த ஒரு சகோதரனுடைய முகமும், அவர் கொண்டுவந்த நல்ல செய்தியுமே தேவனுடைய ஆறுதலாயிருந்தது. பவுல் ரோமாபுரியில் சிறையிலிருந்தபோதும் ஒநேசிப்போரு அவருடைய விலங்கைக் குறித்து வெட்கப்படாமல், ஊரெல்லாம் தேடிக் கண்டுபிடித்து அவரிடம் போனதை 2 தீமோத்தேயு முதலாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே, "நான் போய் என்ன ஆகப்போகிறது?" என்று நினைக்கிறவர்களுக்கு வேதம் தரும் பதில், நீங்கள் போவதையே தேவன் பயன்படுத்துகிறார் என்பதாகும்.

2020, 2021 ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியபோது இந்த உண்மையை உலகமே வேறுவிதமாய்க் கற்றுக்கொண்டது. அநேக மருத்துவமனைகளில் உறவினர் உள்ளே வர முடியவில்லை. பிள்ளைகள் வெளியே நிற்க, தகப்பன் உள்ளே தனியே மூச்சுக்குப் போராடினார். அந்நாட்களில் உடலெல்லாம் கவச உடை அணிந்து, வியர்வையில் நனைந்தபடி, நோயாளியின் காதருகே கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்சுகள் எத்தனை பேர்! அருகில் இருப்பது எத்தனை பெரிய காரியம் என்பது, அருகில் இருக்க முடியாமற்போனபோதுதான் பலருக்கு விளங்கிற்று.

3. யோபுவின் நண்பர்கள்

ஆறுதல் சொல்லப் போய்த் தவறிப்போனவர்களுக்கு வேதத்தில் உள்ள பெரிய உதாரணம் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூவர். ஆனால் அவர்கள் தொடக்கத்தில் செய்த நன்மையை நாம் மறந்துவிடக் கூடாது. யோபுவுக்கு நேரிட்ட தீங்கைக் கேள்விப்பட்டதும், மூவரும் தங்கள் தங்கள் ஊரிலிருந்து புறப்பட்டு, பேசிவைத்துக்கொண்டு ஒன்றாய் வந்தார்கள். தூரத்தில் அவரைக் கண்டபோது அடையாளமே தெரியவில்லை. சத்தமிட்டு அழுதார்கள். பின்பு ஏழு இரவும் ஏழு பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யோபு சாம்பலில் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் நாற்காலி தேடவில்லை.

அவர்கள் பேசத் தொடங்கியபோதுதான் சங்கடம் உண்டாயிற்று. யோபு தன் வேதனையைக் கொட்டினார். அதை அவர்களால் தாங்க முடியவில்லை. குற்றமில்லாதவன் அழிந்ததுண்டோ என்ற கருத்தில் எலிப்பாஸ் பேசினார் (4:7). பிள்ளைகளை இழந்த தகப்பனிடத்தில், அந்தப் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்று பில்தாத் சொன்னார் (8:4). உன் அக்கிரமத்துக்கு ஏற்ற அளவுக்கு தேவன் உன்னைத் தண்டிக்கவில்லை என்ற கருத்தில் சோப்பார் பேசினார் (11:6). மூவரும் தேவனுக்காகவே வாதாடுவதாக நினைத்தார்கள். ஆனால் புஸ்தகத்தின் முடிவில் தேவன் அவர்கள் மேல்தான் கோபங்கொண்டார் (42:7). கேள்வி கேட்டு, கதறி, வழக்காடிய யோபுவே சரியானதைப் பேசினார் என்று தீர்ப்புச் சொல்லி, அந்த மூவருக்காகவும் ஜெபிக்கும்படி அவரை ஏற்படுத்தினார்.

பிரியமானவர்களே, இந்த மூவரின் பேச்சு இன்றும் நம் வார்டுகளில் கேட்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சகோதரி மார்பில் கட்டியோடு நம்மிடம் வந்தார். கட்டியை முதன்முதல் கண்டு எட்டு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டரம்மா கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. பின்பு என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஜெபிக்க வந்த ஒருவர், மறைவான பாவம் ஏதோ இருக்கிறது, அதைத் தேடு என்றாராம். இன்னொருவர், மருந்தைத் தொட்டால் உன் விசுவாசம் போய்விடும் என்றாராம். அந்த எட்டு மாதமும் அவர் பாவத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு தவறான வார்த்தையின் விலை என்ன என்பதை அன்று கணக்கிட்டுப் பார்த்தேன்.

இதைக் குறித்து ஆண்டவருடைய போதனை தெளிவாயிருக்கிறது. பிறவிக் குருடனைக் கண்டு, இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் பாவம் செய்தார்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டையும் இயேசு மறுத்தார் (யோவான் 9:1-3). சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்ததைக் குறித்தும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று எண்ணவேண்டாம் என்று போதித்தார் (லூக்கா 13:4, 5). மருந்தைக் குறித்தோ, எசேக்கியா ராஜாவின் சரித்திரம் போதும். அவரைக் குணமாக்குவேன் என்று கர்த்தர் வாக்குக்கொடுத்த பிறகும், அத்திப்பழத்தை அடையாகச் செய்து பிளவையின்மேல் வைக்கும்படி ஏசாயா தீர்க்கதரிசி சொன்னார் (2 இராஜாக்கள் 20:5-7). ஜெபமும் அத்திப்பழமும் ஒரே அறையில் இருந்தன. ஒன்றோடொன்று சண்டையிடவில்லை.

4. எலியாவுக்குக் கிடைத்த அடையும் தண்ணீரும்

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், எலியா தீர்க்கதரிசி பெயெர்செபாவுக்கு அப்பால் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கர்த்தரைக் கேட்டார். அவரைத் தேற்றுவதற்குத் தேவன் முதலாவது செய்தது என்ன? அவரைத் தூங்கவிட்டார். பின்பு தேவதூதன் வந்து தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் கோபப்படாமல் இரண்டாந்தரமும் வந்து, மறுபடியும் உணவைக் கொடுத்தான். ஏன் இங்கே இருக்கிறாய் என்ற கேள்வி, அதற்கு நாற்பது நாள் சென்ற பிறகே, ஓரேப் மலையில் வந்தது.

சரீரத்தின் வேதனையை மறந்துவிட்டு ஆத்துமாவை மாத்திரம் தேற்ற முயலுவது வேத முறை அல்ல. இங்கிலாந்து தேசத்து சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதை நன்றாய் உணர்ந்தவர். அவர் முதலில் நர்சாகவும், பின்பு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பின்பு படித்து டாக்டரானார். மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் நோயாளியின் வலி சரீரத்தில் மாத்திரம் இல்லை, மனதிலும், குடும்பத்திலும், ஆவியிலும் சேர்ந்தே இருக்கிறது என்று அவர் கற்பித்தார். அதே நேரத்தில், வலி வந்து துடித்த பிறகு மருந்து கொடுப்பதைவிட, வலி திரும்பி வருமுன்னே ஒழுங்கான நேரத்தில் மருந்து கொடுக்கவேண்டும் என்பதையும் வலியுறுத்தினார். 1967ஆம் ஆண்டில் அவர் லண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம் இந்தப் பணிக்கு உலகமெங்கும் முன்மாதிரியாயிற்று. நம் தேசத்தில் கேரளத்துக் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் தம் உடன் ஊழியரோடு 1993ஆம் ஆண்டில் வலி தணிக்கும் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். வலி தாங்காமல் ஒருவர் முனகும்போது அவருக்கு முதலாவது தேவைப்படுவது என் பிரசங்கம் அல்ல. நர்சைக் கூப்பிடுவதே அப்போது என் ஊழியம்.

நீங்களும் இதைச் செய்யலாம். நோயாளியோடு துணைக்கு இருப்பவர் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். அவர் குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தூங்கிவரும்படி நீங்கள் அவருடைய இடத்தில் உட்காரலாம். பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிவரலாம். வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுபோகும் நம்முடைய பழைய வழக்கம், சூரைச்செடியின் கீழ் தேவதூதன் செய்த வேலையின் சாயலேயன்றி வேறல்ல.

5. கண்ணீருக்கு இடம்

யோவான் 11ஆம் அதிகாரத்தில் பெத்தானியா வீட்டுச் சகோதரிகளைக் கவனியுங்கள். மார்த்தாள் ஆண்டவரைச் சந்தித்தபோது சொன்னதையும் (21), மரியாள் அவரைச் சந்தித்தபோது சொன்னதையும் (32) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் சொன்னது ஒரே காரியம்: நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் மரித்திருக்கமாட்டான். ஆனால் ஆண்டவர் இருவருக்கும் ஒரே விதமாய் மறுமொழி கொடுக்கவில்லை. மார்த்தாளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிய உபதேசத்தையும் வாக்குத்தத்தத்தையும் கொடுத்தார். மரியாளுக்கோ தம்முடைய கண்ணீரைக் கொடுத்தார். ஒரே வீட்டில், ஒரே துக்கத்தில், ஒருவருக்கு வார்த்தையும் ஒருவருக்குக் கண்ணீரும் தேவையாயிருந்தது. யாருக்கு எது தேவை என்று அறிய நாம் பேசுமுன்னே கேட்கவேண்டும்.

இன்னும் ஒன்று. சில நிமிஷங்களில் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அழுதார். நாம் பரலோக நம்பிக்கையுடையவர்கள். ஆகவே அழக்கூடாது என்று சொல்லுகிறவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். நம்பிக்கை கண்ணீரைத் தடை செய்வதில்லை. நம்பிக்கை அற்றவர்களைப்போலத் துக்கப்படவேண்டாம் என்பதே தெசலோனிக்கேயருக்குப் பவுல் சொன்ன புத்திமதி. துக்கமே கூடாது என்று அவர் சொல்லவில்லை.

சங்கீத புஸ்தகத்தில் 88ஆம் சங்கீதம் தொடக்கம் முதல் முடிவுவரை புலம்பல். நண்பர்கள் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்ற துயரத்தோடே அது முடிகிறது. ஆனாலும் அது வேதத்தில் இடம் பெற்றிருக்கிறது. அப்படி ஜெபிக்கவும் தேவன் நமக்கு இடங்கொடுத்திருக்கிறார். எல்லாருக்கும் மனப்பாடமான 23ஆம் சங்கீதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. முதல் மூன்று வசனங்களில் தாவீது கர்த்தரை "அவர்" என்று பேசுகிறார். மரண இருளின் பள்ளத்தாக்குக்கு வந்ததும், நாலாம் வசனத்தில், "நீர்" என்று நேரே பேசத் தொடங்குகிறார். பள்ளத்தாக்கில் தேவனைப் பற்றிய பேச்சு தேவனோடு பேசும் பேச்சாக மாறுகிறது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தின இரவில் இந்தச் சங்கீதத்தை என்னோடு சேர்ந்து சொல்லும் நோயாளிகளின் சத்தமும் அந்த வசனத்தில் மாறுவதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

6. பெற்ற ஆறுதலைக் கொடுப்பது

தேவன் நமக்கு ஆறுதல் தருவதின் நோக்கத்தை 2 கொரிந்தியர் 1:4 காட்டுகிறது. நமக்குக் கிடைத்த அதே ஆறுதலினால் மற்றவர்களைத் தேற்றும்படி அது நம்மிடத்தில் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸ் அவர்களின் வாழ்க்கை இந்த வசனத்துக்கு ஒரு விளக்கவுரை. 1954ஆம் ஆண்டு நடந்த கார் விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. டாக்டர் வேலையே முடிந்தது என்று எண்ணத்தக்க நிலை. டாக்டர் பால் பிராண்ட் அவரை ஊக்கப்படுத்தி வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயினால் விரல்கள் மடங்கிப்போனவர்களின் கைகளுக்கு அவர் அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்தார். 1966ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. கை கால் வழங்காதவர்கள் அங்கே அவரிடம் வந்தபோது, அவர்களுக்குச் சொல்ல அவரிடம் வார்த்தைக்கு மேலான ஒன்று இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியே பேசிற்று. 1972ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மேலே சொன்ன சகோதரிக்கும் ஆறுதல் அவ்விதமாகவே வந்தது. சிகிச்சையில் தலைமுடி கொத்துக்கொத்தாய் உதிர்ந்தபோது அவர் யாரோடும் பேசவில்லை; நான் போனாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த கட்டிலுக்குப் பரிசோதனைக்காக ஒரு வயதான அம்மாள் வந்து சேர்ந்தார். அவர் நம்முடைய சபையைச் சேர்ந்தவர் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல. அவர் எழுந்து வந்து இந்தச் சகோதரியின் கட்டிலில் உட்கார்ந்து, தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, விரற்கடை அளவு வளர்ந்திருந்த நரைமுடியைக் காட்டி, "தொட்டுப் பாரும்மா, எனக்கும் எல்லாம் கொட்டித்தான் போச்சு" என்றார். சகோதரி தொட்டுப் பார்த்தார். அன்று மாலை, பல நாளுக்குப் பிறகு, கஞ்சி வேண்டும் என்று கேட்டார். மறுநாள் என்னையும் ஜெபிக்கச் சொன்னார். நல்ல சமாரியனைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை நான் வார்டில் பல முறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று அதைக் கண்ணால் கண்டேன்.

7. படுக்கையருகே நாம் கைக்கொள்ளவேண்டியவை

சந்திக்கச் செல்லும் சபையாருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் சில எளிய குறிப்புகளைத் தருகிறேன்.

அ. உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால் அவசரமாய்ப் புறப்படுகிறீர்கள் என்று தோன்றும். நோயாளியின் கண்மட்டத்துக்கு உங்கள் முகம் வரட்டும்.

ஆ. நேரம் குறைவாயிருக்கட்டும். களைத்திருப்பவருக்குப் பத்து நிமிஷம் போதும். ஒரு நாள் ஒரு மணி நேரம் இருப்பதைவிட, ஆறு நாள் பத்துப்பத்து நிமிஷம் போவது நல்லது.

இ. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். மௌனம் வந்தால் அதை உடனே நிரப்பவேண்டாம்.

ஈ. அதே நோயில் இறந்துபோன வேறொருவரின் கதையைச் சொல்லாதிருங்கள். "எல்லாம் தேவ சித்தம்" என்பதை நோயாளி தாமே சொன்னால் பயபக்தியோடே கேளுங்கள். நாம் அதை அவர்மேல் சுமத்தக்கூடாது.

உ. நினைவின்றிக் கிடப்பவர் அருகே நின்று அவருடைய நிலையைப் பற்றிப் பேசவேண்டாம். அவர் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். பெயர் சொல்லி அழைத்து, கையைப் பிடித்து, தெரிந்த கீர்த்தனை ஒன்றை மெல்லிய குரலில் பாடலாம்.

ஊ. ஜெபிக்குமுன் அனுமதி கேளுங்கள். மற்ற மதத்தினரானால் இது இன்னும் அவசியம். பலவீனமாய்ப் படுத்திருப்பவரை நாம் எவ்விதத்திலும் கட்டாயப்படுத்தக்கூடாது. ஜெபம் சுருக்கமாகவும், அவர் சொன்ன தேவைகளைக் குறித்ததாகவும் இருக்கட்டும்.

எ. மருந்தை நிறுத்தச் சொல்லாதிருங்கள். சந்தேகம் உண்டானால் டாக்டரிடம் கேட்கும்படி உற்சாகப்படுத்துங்கள்.

ஏ. பிறகும் போங்கள். அடக்க ஆராதனைக்குக் கூட்டம் வரும். ஆறுதல் ஜெபக்கூட்டம் முடிந்து, வெளியூர் உறவினர் பஸ் ஏறிப் போன பிறகுதான் வீடு வெறுமையாகிறது. மூன்றாம் மாதத்தில் கதவைத் தட்டுகிற ஒருவரை அந்த விதவையோ தகப்பனோ ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.

8. தூரத்திலிருந்து தேற்றுகிறவர்கள்

இதை வாசிக்கிற உங்களில் அநேகர் எங்கள் வார்டுக்குள் ஒரு நாளும் வந்திருக்கமாட்டீர்கள். ஆகிலும் நீங்கள் இந்த ஊழியத்துக்கு வெளியே இருக்கிறவர்கள் அல்ல. ஆறுதலோடு தொடங்கும் அதே நிருபத்தின் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களில், எருசலேமில் வறுமையிலிருந்த பரிசுத்தவான்களுக்கான காணிக்கையைக் குறித்துப் பவுல் எழுதுகிறார். அங்கே அவர் புகழ்ந்து பேசும் சபைகள் எவை? தீத்து வந்து பவுலைத் தேற்றிய அதே மக்கெதோனியாவின் சபைகள். அவர்கள் ஐசுவரியவான்கள் அல்ல. கொடிய தரித்திரத்திலும், தங்களுக்கும் கொடுக்கும் பாக்கியம் வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக் கொடுத்தவர்கள். அப்படியே முதலாம் அதிகாரம் 11ஆம் வசனத்தில், தூரத்திலிருக்கும் கொரிந்தியர் ஜெபத்தினாலே தனக்கு உதவி செய்கிறார்கள் என்றும் சொல்லுகிறார். ஜெபமும் காணிக்கையும் தூரத்திலிருந்து அருகில் வந்து உட்காரும் இரண்டு வழிகள்.

சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரின் இல்லத்துக்கு முதன்முதல் கிடைத்த காணிக்கையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். போலந்து நாட்டிலிருந்து அகதியாய் வந்து, ஓட்டலில் பரிமாறும் வேலை செய்துவந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர், புற்றுநோயினால் 1948ஆம் ஆண்டில் லண்டனில் மரித்தார். அவருக்குத் தேசமும் இல்லை, அருகில் குடும்பமும் இல்லை. தம்மை வந்து பார்த்து, தம்மோடு உட்கார்ந்து பேசிய சாண்டர்ஸ் அம்மையாருக்கு 500 பவுன் எழுதிவைத்தார். அந்த இல்லத்தில் தாம் ஒரு ஜன்னலாயிருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அப்போது கட்டடமும் இல்லை, நிலமும் இல்லை. இல்லம் எழும்பப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. தனியே மரித்துக்கொண்டிருந்த ஒருவர், தமக்குக் கிடைத்த ஆறுதலைத் தமக்குப் பின்வரும் முகந்தெரியாதவர்களுக்கு அனுப்பிவைத்தார்.

உங்களில் ஒருவர் மாதந்தோறும் அனுப்பும் சிறிய தொகையும் அப்படித்தான் வேலை செய்கிறது. அது ஒரு வலி மாத்திரையாகவோ, ஒரு ஏழைத் தாயின் படுக்கைக் கட்டணமாகவோ, துணைக்கு வந்தவரின் ஒருவேளை உணவாகவோ மாறுகிறது. அதை அனுப்பியவர் முகத்தை நோயாளி காண்பதில்லை. ஆனால் தன்னை யாரோ மறந்துவிடவில்லை என்று அறிந்துகொள்ளுகிறார்.

சிந்தித்துக் கலந்துரையாட

1. உங்கள் துன்ப நாளில் உங்களைத் தேற்றியவர் யார்? அவர் சொன்னது நினைவிருக்கிறதா, செய்தது நினைவிருக்கிறதா?
2. யோபுவின் நண்பர்கள் பேசியதைப் போன்ற வார்த்தைகள் நம் சபையில் எவ்வடிவில் பேசப்படுகின்றன?
3. கடந்த ஆறு மாதத்துக்குள் துக்கம் நேரிட்ட எந்த வீட்டுக்கு நீங்கள் மறுபடியும் போகவேண்டியிருக்கிறது?
4. நீங்கள் கடந்துவந்த எந்தப் பாடு, இன்று வேறொருவருக்கு உதவக்கூடும்?

ஜெபம்

இரக்கமுள்ள பிதாவே, நாங்கள் சோர்ந்திருந்த நாட்களில் யாரையாவது எங்கள் அருகே அனுப்பினீரே, உமக்கு ஸ்தோத்திரம். பேசவேண்டிய வேளையில் வார்த்தையையும், பேசக்கூடாத வேளையில் மௌனத்தையும் எங்களுக்குத் தாரும். இந்த இரவில் விழித்திருக்கும் நோயாளிகளையும், அவர்களுக்காக விழித்திருப்பவர்களையும் நினைத்தருளும். டாக்டர்களின் கைகளையும் நர்சுகளின் கால்களையும் பலப்படுத்தும். துக்க வீடுகளுக்கு எங்களை அனுப்பும். நாங்கள் போகும்போது நீர் எங்களோடே வாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் வேண்டிக்கொள்ளுகிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் ஊழியன்,
மருத்துவமனைச் சாப்ளின்